அப்பாவுக்கு வைத்த டப்பா

நம் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். அவர்களோடு எனக்கு இந்த வாரம் பேச்சு இல்லை. கிழவிக்குப் பிரஷர் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, எதையும் மெதுவாகத்தான் சொல்லவேண்டும், முடிந்தால் சொல்லாமலே விட்டுவிடவேண்டும் என்று நம் தலைக்கு மேலே கூடிக்கூடிப் பேசி முடிவெடுக்கிற கூட்டம் அது. உங்கள் வீட்டிலும் இருக்கும். எனக்கு இந்த வித்தை புதிதில்லை. என் பத்தாவது வயதில் ஒரு தெருவே சேர்ந்து என்னை ஏமாற்றியது. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இப்போது நான் தஞ்சாவூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். வழக்கமாக என் மருமகள் கிறிஸ்துமஸுக்குக் கேக்கைக் கடையில் சொல்லிவைத்துவிட்டு ஆபீஸ் போய்விடுவாள். இந்த வருஷம் லீவு போட்டாள். ரெட் வெல்வெட் குக்கீ செய்யப்போகிறாளாம். செல்போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து, அதில் ஒருத்தி சொல்லச் சொல்ல, சிவப்பு மாவைத் தட்டி, நடுவில் கிரீம் சீஸ் உருண்டையை வைத்து மூடி, உருட்டி ஓவனில் வைத்தாள். "உங்களுக்குச் சின்ன வயசுல பிடிக்குமாமே அத்தை" என்றாள். யார் சொன்னார்கள்? அந்த மாதிரிப் பண்டத்தை நான் வாயில் வைத்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அதோடு இந்த டிசம்பரில் அக்கம்பக்கத்துக்கு என்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. எதிர்வீட்டு அம்மா கேசரி கொண்டுவந்தாள். கீழ்வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. சர்ச்சுக்காரர்கள் வாழைப்பழச் சீப்போடு வந்து உட்கார்ந்து என் முழங்காலைப் பற்றி விசாரித்தார்கள். மருமகள் அந்தத் தட்டுகளைக் கழுவி வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தாள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுக்கத் தோன்றவில்லையே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை எங்கே தெரிகிறது என்று நான் முணுமுணுத்தேன். எனக்கு வேறு ஒரு எரிச்சலும் இருந்தது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் தம்பி ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறவன், சில வாரமாகக் கூப்பிடவில்லை. அங்கே நெட் சரியில்லையாம், மகன் சொன்னான்.

அந்தத் தம்பி பிறப்பதற்கு முந்தின மாதம்தான் நான் சொல்லவந்த மாதம்.

தரங்கம்பாடியில் கோயில் தெருவில் எங்கள் வீடு. கோயில் என்றால் எங்களுக்குச் சர்ச். அப்பா சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தார். வருஷத்தில் முக்கால்வாசி நாள் கடலில். ஆனால் கிறிஸ்துமஸுக்கு எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார். வரும்போது ஒரு நீலத் தகர டப்பாவில் கோகோ பவுடர் கொண்டுவருவார். எங்கோ ஒரு துறைமுகத்தில் அவர் ஒரு பிஸ்கட் தின்றிருக்கிறார். வெளியே ரத்தச் சிவப்பு, கடித்தால் உள்ளே வெள்ளை. அதை அவர் வாயால் சொல்ல, அவருடைய தங்கை, என் அத்தை, கையால் செய்துபார்ப்பாள். கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தாள் அத்தை. ஒவ்வொரு வருஷமும் அப்பா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுக் கண்ணை மூடுவார். "கிட்ட வந்துட்ட. இன்னும் கொஞ்சம் மெத்துன்னு இருக்கும்" என்பார். அத்தை கையை ஓங்குவாள். அடுத்த வருஷத்துக்கு ஒரு சண்டை மிச்சம் இருக்கும்.

அத்தையின் பக்குவம் எனக்கு இன்னும் அத்துப்படி. பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, அந்தச் சாற்றைப் பாகு மாதிரி வற்றவிட்டு, இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிவாள். பிழியாவிட்டால் சூட்டில் சிவப்பு செத்து மண் நிறமாகிவிடும். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும்வரை தேய்த்து, மைதாவும் ஒரு கரண்டி கோகோவும் சேர்த்து, அந்தச் சாற்றை ஊற்றிப் பிசைவாள். உள்ளே வைக்கத் தேங்காய்ப் பூரணம். துருவும்போது தேங்காயின் கறுப்புத் தோல் ஒரு பொட்டு விழுந்தாலும் என் தலையில் குட்டு விழும். வெள்ளையென்றால் வெள்ளையாக இருக்கவேண்டும். சர்க்கரை, ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி. மாவைக் கிண்ணம் போலக் குழித்துப் பூரணத்தை வைத்து மூடித் தட்டுவது என் வேலை. விரல் நுனியெல்லாம் பொங்கல்வரை சிவந்து கிடக்கும்.

அந்த வருஷம் அம்மா நிறைமாதமாக இருந்தாள். எனக்கும் வயிற்றில் இருந்ததற்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. பிரஷர் என்று டாக்டரம்மா அவளைக் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாதென்று சொல்லியிருந்தார். கட்டிலை நடு அறையில் போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் அடுக்களை முழுக்கத் தெரியும்.

டிசம்பர் பிறந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எங்கள் ஐயர் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கோயில் படியில் நின்று, கூரையிலிருந்து விழும் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தை ரொம்ப நேரம் கழித்து வந்தாள். முகத்தை முந்தானையால் துடைத்தாள். மழைதான் என்று நினைத்தேன். "வா, பீட்ரூட் வாங்கிட்டுப் போவலாம்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கமாகக் கடைசி வாரத்தில்தான் ஆரம்பிப்பாள். எத்தனை கெஞ்சினாலும் நமுத்துப் போகும் என்பாள், கடல் காற்றில் எதுதான் நமுக்காது. அந்த வருஷம் அவளே முந்திக்கொண்டாள். அப்பா சீக்கிரம் வருகிறாரா என்று கேட்டேன். கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்குத்தான் தெரியும் என்றாள். கோகோ டப்பாவில் அடி மட்டும் இருந்தது. அதைச் சுரண்டி எடுத்தோம். அப்பா வந்தால் புது டப்பா வந்துவிடுமே என்றேன். அத்தை டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் அடுப்புதான் உண்டு, சூளை கிடையாது. கிறிஸ்துமஸ் மாதத்தில் தெருவே தகரத் தட்டுகளில் மாவைத் தட்டி எடுத்துக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போகும். ரொட்டிக்கடை பாயின் விறகுச் சூளையில் யார் தட்டு முதலில் போகிறது என்பதற்கு வருஷா வருஷம் சண்டை நடக்கும். தட்டு மாறிவிட்டதென்று குடுமிப்பிடியும் நடந்திருக்கிறது. அந்த வருஷம் பாய் வரிசையில் நின்ற எல்லாரையும் ஒதுக்கிவிட்டு எங்கள் தட்டை வாங்கி முதலில் உள்ளே தள்ளினார். சண்டைக்கென்றே வரும் பெண்கள்கூட வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. அப்பா கப்பலில் இருக்கிறார், அதனால் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். மூடி திறந்ததும் சூளையிலிருந்து வெண்ணெய் வாசனையோடு தேங்காய் வாசனை வந்தது. பாய் எனக்கென்று ஒரு பன்னைக் கையில் வைத்து அழுத்தினார்.

எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் என்னோடு டூ விட்டிருந்தாள். அவளே வந்து தன் புதுச் சிவப்பு ரிப்பனை எனக்குக் கொடுத்தாள். வீட்டுப்பாடம் எழுதாமல் போனேன், டீச்சர் அடிக்கவில்லை. நான் அந்த மாதம் முழுக்க மிதந்துகொண்டிருந்தேன்.

முதல் சூட்டில் வந்ததிலிருந்து உடையாததாக, வெடிக்காததாகப் பொறுக்கி அப்பாவுக்கு ஒரு டப்பா வைத்தேன். மூடியில் தொப்பி போட்ட வெள்ளைக்காரி படம் போட்ட டப்பா அது. எண்ணெய்த் தாள் விரித்து அடுக்கி, காற்றுப் போகாமலிருக்க மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். கையில் மெழுகு பட்டுக் கொப்பளித்தது. மேலே அந்தச் சிவப்பு ரிப்பனைக் கட்டினேன். அத்தை முடிச்சின்மேல் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டாள், நான் இறுக்கிக் கட்டுவதற்கு. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. விரலை வைத்துப் பிடித்துக்கொண்டாளே.

இதற்குள் தெருவிலிருந்து பலகாரத் தட்டுகள் வர ஆரம்பித்தன. கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் கிடந்தது. கல்கல், அதிரசம், அச்சு முறுக்கு என்று ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கத்தில் தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. பதிலுக்குப் பலகாரம் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரையாவது போடவேண்டும். வீடு நிறையச் சிவப்பு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு அத்தை ஒவ்வொரு தட்டையும் கழுவித் துடைத்து வெறுமையாகத் திருப்பினாள். எனக்கு மானம் போயிற்று. ஏன் அத்தை, நாலு பிஸ்கட் வெச்சா குறைஞ்சா போயிடும் என்று கேட்டேன். அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்றாள். அம்மா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அத்தை வாங்கிவந்த பூவை அம்மா தலையில் வைத்துக்கொள்ளவில்லை, தலை வலிக்கிறதாம்.

அத்தை கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன் என்று ரோஷம் வந்தது எனக்கு. மறுநாள் காலையில் கொல்லைப்பக்கம் மீன்காரம்மா கூடையை இறக்கினாள். நான் பிறந்ததிலிருந்து எங்களுக்கு மீன் போடுகிறவள். பாவாடையில் மறைத்துக் கொண்டுபோன இரண்டு சிவப்பு பிஸ்கட்டை நீட்டினேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் பாப்பா. எழவு வூட்டுல சுட்டத நாங்க வாங்கறதில்ல. நாங்கதான் உங்களுக்குக் கொண்டாந்து தரணும்."

எந்த எழவு வீடு என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சும்மாடு சரியாகக்கூட வைக்காமல் கூடையைத் தூக்கினாள். "ஆத்தாடி, உனக்குச் சொல்லலியா" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே ஓடினேன். அத்தை அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் எழுந்து என்னை இழுத்துக்கொண்டு விறகு அடுக்கியிருந்த மூலைக்குப் போனாள், அம்மாவின் கண் எட்டாத இடம் அது ஒன்றுதான். அங்கே உட்காரவைத்துச் சொன்னாள். கப்பலிலேயே காய்ச்சல் கண்டு அப்பா போய்விட்டார். ஏதோ ஒரு துறைமுகத்தில் அடக்கம் பண்ணிவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் ஐயருக்குத் தந்தி கொடுத்தார்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் பிள்ளையும் தங்காது, தாயும் தங்கமாட்டாள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பிஸ்கட் சுடாமல் இருந்தால் அம்மா சந்தேகப்படுவாள், அதனால்தான் சுட்டது. எல்லாம் சேர்ந்து எடுத்த முடிவு. எல்லாம் என்றால் ஐயர், பாய், டீச்சர், ரிப்பன் கொடுத்தவள்வரைக்கும்.

நான் அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"அப்ப அந்த டப்பா யாருக்கு அத்தை?"

"அம்மா பாத்துக்கிட்டே இருக்காடி. நீ டப்பா கட்டலன்னா ஏன்னு கேப்பா."

என் அப்பா செத்ததற்கு அழவேண்டியவள் நான், எனக்கு முன்னால் தெரு முழுக்க அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தது. நான் துள்ளிக்கொண்டு மாவு தட்டியதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் பாவம் என்று சொல்லியிருப்பார்கள். அந்த எண்ணம் வந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. அத்தைக்கும் அது அண்ணன், அவள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று இப்போது புரிகிறது. புரிவது வேறு, ஆறுவது வேறு.

அம்மாவிடம் மூச்சு விடக் கூடாதென்று அத்தை என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள். அதுவரைக்கும் ஏமாந்தவள், அன்றிலிருந்து ஏமாற்றுகிறவர்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளப்பட்டேன். கிறிஸ்துமஸன்று புதுப் பாவாடை கட்டிவிட்டார்கள். கோயிலுக்குப் போய் வந்தேன். அம்மா கட்டிலில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அப்பா டப்பாவை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். அலமாரி மேலே என்றேன். அவள் என் கொப்பளித்த விரலைத் தடவிக்கொடுத்தாள்.

"நமுத்துப் போவாம பாத்துக்க" என்றாள்.

ஜனவரியில் தம்பி பிறந்தான். சத்தமாக அழுதான், தங்கினான். சில நாள் கழித்து ஐயர் வேதப்புத்தகத்தோடு வந்தார், பின்னாலேயே தெரு வந்தது. எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று தடுமாறினார். அம்மா பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"தெரியும் ஐயரே. வந்த தட்டெல்லாம் வெறுமையாத் திரும்பிப் போச்சே, எனக்குத் தெரியாதா? பிள்ளைக்குப் பால் குடுக்கணும், சுருக்கா ஜெபம் பண்ணுங்க."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை பொய்யையும் சாமர்த்தியமாகச் செய்தவளுக்குத் துக்க வீட்டுப் பலகாரத்தை அடுத்த வீட்டுத் தட்டில் வைக்க மட்டும் கை வரவில்லை. வழக்கத்தை மீற முடியவில்லை அவளால். பெரியவர்கள் எல்லாரும் அம்மாவின் தைரியத்தைப் பேசிக்கொண்டு கலைந்தார்கள். எனக்கு மட்டும் அந்த அறையில் வேறு ஒன்று விளங்கியது. நமுத்துப் போகாமல் பார்த்துக்கொள் என்று சொன்னபோது அம்மாவுக்குத் தெரியும். நான் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதை, தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பல வருஷம் கழித்து, எனக்கே பிள்ளை பிறந்த பிறகு, ஒரு நாள் கேட்டுவிட்டேன். ஏம்மா என்னிடம் சொல்லவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாமே என்றேன். அம்மா புடவை மடித்துக்கொண்டிருந்தாள். "நீ அலமாரியைப் பாத்துப் பாத்துட்டுப் போவ. அதைப் பாக்கையில அவர் வந்துருவாருன்னு எனக்கும் தோணும்டி" என்றாள். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது அவளுக்குத் தெரியாதாம். நான் நிஜமாகவே காத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாளாம். அவள் சொன்னதற்கு நான் அழுதேன். ஆனாலும் மன்னித்தேனா என்று கேட்டால், இல்லை. என் துக்கத்தை வைத்து ஆளாளுக்கு எதையோ செய்துகொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அந்த டப்பா எங்கே போயிற்று என்றுகூட யாரும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது அங்கே இல்லை.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். மருமகள் குக்கீகளை ஆறவைத்திருந்தாள். பேத்தி மேஜையில் உட்கார்ந்து மிச்ச மாவில் கிரீம் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பத்து வயதுதான். கொஞ்ச நாளாக என் பக்கமே வருவதில்லை, செல்போன் கெடுத்துவிட்டது என்று திட்டிக்கொண்டிருந்தேன். மருமகள் ஒரு தகர டப்பாவை எடுத்துவைத்தாள். பக்கத்தில் ரிப்பன்.

"ஆஸ்திரேலியா மாமாவுக்கு எத்தனை வைக்கலாம் அத்தை? கூரியர்ல போட்டுடலாம்னு உங்க மகன் சொன்னாரு."

அந்த ஊருக்குள் வெண்ணெயும் பாலும் போட்ட பண்டத்தை விடமாட்டார்கள், அனுப்பாதே அக்கா என்று தம்பி எனக்குப் பாடம் நடத்தாத வருஷம் இல்லை. இவர்களுக்கும் அது தெரியும். நான் டப்பாவைப் பார்த்தேன். கேசரி, முறுக்கு, வாழைப்பழச் சீப்பு. கழுவித் திருப்பிய தட்டுகள். எல்லாம் சேர்ந்து வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

"தம்பி எப்ப போனான்?" என்று கேட்டேன்.

"ஏங்க" என்று அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அவனைக் கூப்பிடாத. நீயே சொல்லு."

சொன்னாள். இந்த மாதம் பிறந்த உடனேயாம். மாரடைப்பு. எனக்குப் பிரஷர் ஏறிவிடும், கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று முடிவு செய்தார்களாம். அடக்கத்தை இவர்கள் டிவியில் போட்டு இந்த வீட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு என்னைக் கார் வைத்து முழங்கால் வைத்தியத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அம்மா மடியில் கிடந்ததைவிட என் இடுப்பில் கிடந்தது அதிகம். அவனைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க எனக்கு அனுமதி இல்லை. மகன் வந்து வாசற்படியில் நின்றான். என்னவோ சமாதானம் சொன்னான், என் காதில் விழவில்லை.

"சின்னவளுக்குத் தெரியுமா?" என்று மருமகளைக் கேட்டேன்.

"தெரியும் அத்தை. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கோம்."

பேத்தி தலையைத் தூக்கவில்லை. விரலெல்லாம் சிவப்பாக இருந்தது. நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டேன். "போதும் பாப்பா. இனிமே நீ யார்கிட்டயும் பொய் சொல்ல வேணாம்" என்றேன். அவள் என் மேல் விழுந்து அழுதாள். நானும் அழுதேன், சத்தமாக, வீடு கேட்கும்படி அழுதேன். யாரும் பிரஷர் மாத்திரையைக் கொண்டுவரத் துணியவில்லை.

அழுது முடித்து எழுந்தேன். எதிர்வீட்டு எவர்சில்வர் தட்டு ஒன்று இன்னும் திருப்பாமல் சிங்க் பக்கத்தில் கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். மகன் தான் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னான். முறைத்தேன், விலகினான். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் நானே மணியை அடித்தேன். அந்த அம்மா கதவைத் திறந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவள் கண் கலங்கிவிட்டது. வெறும் தட்டை அவள் கையில் கொடுத்தேன்.

"என் தம்பி செத்துட்டான்மா" என்றேன்.